கதிர்வீச்சைத் தொடரலாமா, போதுமா? சிக்மண்ட் ஃப்ராய்டின் கடைசி ஆண்டு சொல்லும் பாடம்

நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு, வலி குறையட்டும், இருமலில் ரத்தம் வருவது நிற்கட்டும் என்று கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அதுதான். பத்து சிட்டிங் என்று சொன்னார்கள், ஐந்து முடிந்துவிட்டது. நோயாளி துவண்டு கிடக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை. மீதி ஐந்தையும் கொடுப்பதா, இதோடு போதுமா? வீட்டில் ஒருவர் தொடரலாம் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். பல நேரங்களில் நோயாளியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது புதிய கேள்வி இல்லை. 1939-ல் லண்டனில் ஒரு வீட்டிலும் இதே கேள்விதான் எழுந்தது. அந்த நோயாளி, மனித மனதைப் பற்றிய உலகத்தின் பேச்சையே மாற்றியவர். பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். அவருக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய் அல்ல, மேல்தாடையில் வந்த புற்றுநோய். ஆனால் காரணம் அதே புகையிலை. கடைசியில் வந்து நின்ற இடமும் அதேதான்: நோயைக் குணப்படுத்த முடியாது, கதிர்வீச்சு மட்டும் கொடுக்கலாம் என்ற இடம்.

யார் இந்த ஃப்ராய்ட்?

1856 மே 6-ம் தேதி, இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஃப்ரைபெர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். யூதக் குடும்பம், கம்பளி வியாபாரம் செய்த அப்பா. பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தபோது ஃப்ராய்டுக்கு நான்கு வயது. அதன்பிறகு கிட்டத்தட்ட 78 ஆண்டுகள் அந்த நகரத்திலேயே வாழ்ந்தார்.

1881-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். நரம்பு நோய்களைப் படிக்கப் போனவர், உடலில் காரணமே இல்லாமல் வரும் நோய்களைப் பார்த்து மனதின் பக்கம் திரும்பினார். நோயாளியைச் சாய்விருக்கையில் படுக்க வைத்து மனதில் தோன்றுவதையெல்லாம் பேசவிட்டுக் கேட்பது அவரது முறை. உளப்பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர் வந்தது. கனவுகளின் விளக்கம் பற்றிய அவரது நூல் 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளியானது. அவருடைய கோட்பாடுகளில் பல இன்று கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிவிட்டன. ஆனாலும் ஆழ்மனம் என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாக நாம் பேசுவதற்கு அவர் ஒரு பெரிய காரணம்.

விட முடியாத சுருட்டு

24 வயதில் புகைக்கத் தொடங்கினார். பிறகு சுருட்டுதான், ஒரு நாளைக்கு 20 வரை போகும். 1890-களில் இதயத் துடிப்பில் கோளாறு வந்தபோது நண்பரான மருத்துவர் ஃப்லீஸ் சுருட்டை விடச் சொன்னார். கொஞ்ச நாள் விட்டார், மறுபடி எடுத்தார். மனிதப் பழக்கங்களின் வேரைத் தோண்டிப் பார்த்தவருக்குத் தன் கையில் இருந்த சுருட்டைக் கீழே வைக்க முடியவில்லை. அது இல்லாமல் எழுத வராது என்று உறுதியாக நம்பினார்.

1923 பிப்ரவரியில், வாய்க்குள் வலதுபக்கம் மேலண்ணத்தில் ஏதோ தடித்திருப்பதைக் கவனித்தார். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுருட்டை நிறுத்தச் சொல்வார்களே!

எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியாது

அந்த ஆண்டு ஏப்ரலில் மூக்கு, தொண்டை அறுவை நிபுணர் மார்க்குஸ் ஹயெக்கிடம் போனார். சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவமனையில் இருந்து தகவல் போய், மனைவி மார்த்தாவும் மகள் அன்னாவும் ஓடிவந்தார்கள். மதியம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்ட நேரத்தில் மறுபடி ரத்தம் கொட்டியது. கூப்பிட மணி அடித்தால் அது வேலை செய்யவில்லை. அதே அறையில் இருந்த, அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு நோயாளி ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்ததால்தான் ஃப்ராய்ட் பிழைத்தார்.

அதன்பிறகு எக்ஸ்-கதிர், ரேடியம் இரண்டும் கொடுத்தார்கள். ஆனால் இது புற்றுநோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய மருத்துவ நண்பர் ஃபெலிக்ஸ் டாய்ச்சுக்குத் தெரியும். நெருங்கிய சீடர்களுக்கும் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தாங்குவாரா, உயிரை மாய்த்துக்கொள்வாரா என்ற பயம். போதாததற்கு, அந்த ஜூன் மாதம்தான் அவர் உயிராக நேசித்த பேரன் ஹைனர்லே காசநோயில் இறந்திருந்தான். குழந்தைக்கு நாலரை வயது. அவனுடைய தாய், ஃப்ராய்டின் மகள் சோஃபி, 1920-லேயே காய்ச்சலில் போய்விட்டார்.

எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் பின்னால் விஷயம் தெரிந்தபோது ஃப்ராய்டுக்குக் கடும் கோபம். தன்னுடைய உடலைப் பற்றித் தனக்குத் தெரியாமல் மற்றவர்கள் பேசி முடிவெடுத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. டாய்ச் அவருடைய மருத்துவராகத் தொடர முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

நம் ஊர்களில் இன்றும் இதுதானே நடக்கிறது? ‘அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்’ என்ற வேண்டுகோளைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் இருக்க மாட்டார்.

வாய்க்குள் ஓர் அரக்கன்

1923 அக்டோபரில் தாடை அறுவை நிபுணர் ஹான்ஸ் பிக்லர் பெரிய அளவில் அறுவை செய்தார். வலப்பக்க மேல்தாடையின் பெரும்பகுதியும் அண்ணத்தில் ஒரு பகுதியும் எடுக்கப்பட்டன. வாயும் மூக்கும் ஒன்றாகிவிட்டதால் இரண்டுக்கும் நடுவில் அடைப்புபோல ஒரு செயற்கை அண்ணம் பொருத்தினார்கள். அது இல்லாமல் பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. பொருத்தினால் புண், எடுத்தால் சுருங்கிப்போய் மறுபடி பொருந்தாது. அரக்கன் என்பதுதான் அந்த வீட்டில் அதற்கு வைத்த பெயர்.

வலது காது கேட்காமல் போனது. நோயாளிகள் பேசுவதை இடது காதால் கேட்க வேண்டும் என்பதற்காகச் சாய்விருக்கையின் இடத்தையே மாற்றினார்கள். 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். இத்தனைக்கும் நடுவில் எழுதினார், நோயாளிகளைப் பார்த்தார், சுருட்டும் பிடித்தார்.

கவனித்துக்கொண்டது மகள் அன்னா. தாதி வேண்டாம், அன்னா போதும் என்றார் ஃப்ராய்ட். இருவருக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், அழுகை, அனுதாபம் எதுவும் கூடாது. 16 ஆண்டுகளும் அன்னா அப்படித்தான் இருந்தார்.

டாக்டரிடம் வைத்த இரண்டு நிபந்தனைகள்

1920-களின் இறுதியில் மாக்ஸ் ஷுர் என்ற இளம் மருத்துவர் ஃப்ராய்டின் தனி மருத்துவரானார். முதல் சந்திப்பிலேயே ஃப்ராய்ட் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று, எது நடந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு, நேரம் வரும்போது வீணாகத் துன்பப்பட விடக் கூடாது. ஷுர் ஒப்புக்கொண்டார்.

அப்போது ஃப்ராய்ட் நடமாடிக்கொண்டிருந்தார், தெளிவாக இருந்தார். கடைசிக் கட்டத்தில் பேச வேண்டியதை, பத்து ஆண்டுகள் முன்பே, தெம்பு இருக்கும்போதே பேசி வைத்துவிட்டார்.

82 வயதில் அகதி

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே அன்னாவை கெஸ்டபோ விசாரணைக்குக் கூட்டிப்போனது. அன்று மாலை அவர் திரும்பி வரும்வரை ஃப்ராய்ட் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அதுவரை வியன்னாவை விட்டு அசைய மறுத்தவர், அதோடு மனம் மாறினார். அவரது சீடரும் கிரேக்க அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவருமான மரீ போனபார்ட், வெளியேறுவதற்கு நாஜிகள் விதித்த வரியைக் கட்டினார். ஜூன் 4-ம் தேதி கிளம்பி, பாரிஸ் வழியாக ஜூன் 6-ம் தேதி லண்டன் வந்துசேர்ந்தார்கள். வியன்னாவிலேயே தங்கிவிட்ட அவருடைய நான்கு சகோதரிகளும் பின்னாளில் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

அந்த செப்டம்பரில் பிக்லர் வியன்னாவில் இருந்து விமானத்தில் வந்து இன்னொரு பெரிய அறுவையைச் செய்தார். அதுவே கடைசி. அந்த மாதக் கடைசியில் ஹாம்ஸ்டெட் பகுதியில் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் 20-ம் எண் வீட்டில் குடியேறினார்கள். டிசம்பர் 7-ம் தேதி பிபிசி வந்து ஃப்ராய்டின் குரலைப் பதிவு செய்தது. செயற்கை அண்ணத்தோடு சிரமப்பட்டுப் பேசும் அந்தப் பதிவை இன்றும் இணையத்தில் கேட்கலாம்.

கத்தி முடிந்தது, கதிர் தொடங்கியது

1939 தொடக்கத்தில் வாயின் உட்பகுதியில், கண்ணுக்கு அருகே போகும் இடத்தில் புதிய வீக்கம். பிப்ரவரி இறுதியில் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் திரும்பிவிட்டது, இனி அறுவைக்கு வழியில்லை என்று முடிவானது. பாரிஸின் ரேடியம் நிறுவனத்தில் இருந்து நிபுணர் லகசான் வந்து பார்த்தார். லண்டன் கதிர்வீச்சு மருத்துவர் நெவில் ஃபின்சியின் பொறுப்பில் எக்ஸ்-கதிர் சிகிச்சை தொடங்கியது. ரேடியமும் பயன்படுத்தினார்கள்.

தினமும் போய்வர வேண்டும். 82 வயது உடம்புக்கு அந்தப் பயணமே பெரிய பாரம். களைப்பு, தலைவலி, தலைசுற்றல், வாயில் ரத்தக் கசிவு. கதிர் பட்ட பக்கத்தில் தாடி உதிர்ந்தது.

சுற்றி இருந்தவர்கள் தைரியம் சொன்னார்கள். கட்டி சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இந்தத் தொந்தரவெல்லாம் சிகிச்சையின் விளைவு, சீக்கிரம் போய்விடும் என்றார்கள். அதைத் தான் நம்பவில்லை என்று ஏப்ரலில் மரீ போனபார்ட்டுக்குக் கடிதம் எழுதினார் ஃப்ராய்ட். தன்னைச் சுற்றி ஒரு நம்பிக்கைத் திரையைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அது தனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆனாலும் சிகிச்சை வேண்டாம் என்று அவர் எழுந்து போய்விடவில்லை. காரணம், அவருக்குச் செய்ய வேண்டிய வேலை இருந்தது. மோசஸ் பற்றிய கடைசி நூல் அந்த ஆண்டு அச்சாகிக்கொண்டிருந்தது. நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். வலி மாத்திரை என்றால் ஆஸ்பிரினைத் தாண்டிப் போக மறுத்தார். மூளை மழுங்கிக் கிடப்பதைவிட, வலியோடு தெளிவாக யோசிப்பதே மேல் என்பது அவர் கணக்கு. கதிர்வீச்சு கொடுக்கும் அவகாசத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தவரை அதைத் தாங்கினார்.

நிறுத்தும் நேரம்

அமெரிக்கா போயிருந்த ஷுர் ஜூலையில் திரும்பியபோது, ஃப்ராய்ட் மெலிந்து சோர்ந்து போயிருந்தார். தாடை எலும்பு அழுகத் தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் 1-ம் தேதி மருத்துவத் தொழிலை முறைப்படி நிறுத்தினார். படுக்கையைக் கீழ்த்தள வாசிப்பறைக்குக் கொண்டுவந்து, தோட்டம் தெரிகிற மாதிரி போட்டார்கள்.

கன்னத்தில் ஓட்டை விழுந்தது. புண்ணின் நாற்றத்துக்கு ஈக்கள் வந்ததால் படுக்கைக்குக் கொசுவலை கட்டினார்கள். அவர் செல்லமாக வளர்த்த லூன் என்ற நாய், பக்கத்தில் வராமல் அறை மூலையில் ஒதுங்கியது. செப்டம்பர் 3-ம் தேதி இரண்டாம் உலகப் போர் அறிவிக்கப்பட்டது. அவர் கடைசியாகப் படித்தது பால்சாக்கின் ஒரு நாவல். ஆசை நிறைவேற நிறைவேறச் சுருங்கும் ஒரு மாயத் தோலையும், அதோடு சேர்ந்து தேயும் ஓர் ஆயுளையும் பற்றிய கதை.

செப்டம்பர் 21-ம் தேதி ஷுரின் கையைப் பிடித்து, பழைய வாக்கை நினைவூட்டினார். இனி இதில் அர்த்தம் இல்லை என்றார். அன்னாவிடமும் பேசச் சொன்னார். அன்னாவுக்கு முதலில் மனம் வரவில்லை. தள்ளிப்போடத்தான் பார்த்தார். பிறகு அப்பாவின் முடிவை ஏற்றுக்கொண்டார். ஷுர் மார்ஃபின் கொடுத்தார். ஃப்ராய்ட் உறக்கத்தில் ஆழ்ந்து, 1939 செப்டம்பர் 23-ம் தேதி இறந்தார். வயது 83.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மரணத்தை விரைவுபடுத்த மருந்து கொடுப்பது இந்தியாவில் குற்றம். வலி தணிப்பு சிகிச்சை என்பதும் அது அல்ல. ஃப்ராய்டின் கதையில் நமக்கு உதவுவது அந்தக் கடைசி ஊசி இல்லை. அதற்கு முன்பு அவர் கேட்ட கேள்விகள்தான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

நிறைய மாறியிருக்கிறது. இன்றைய கருவிகள் கட்டியைக் குறிவைத்துக் கதிரைச் செலுத்துகின்றன. முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இருமலோடு வரும் ரத்தம், நெஞ்சுவலி, மூச்சுக்குழாய் அடைப்பு, எலும்புக்குப் பரவியதால் வரும் வலி ஆகியவற்றுக்குக் கதிர்வீச்சு நல்ல பலன் தரும். பல வாரம் அலையவும் வேண்டாம். எலும்பு வலிக்குப் பலருக்கு ஒரே ஒரு சிட்டிங்கே போதும். பல சிட்டிங் கொடுத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஒரே தடவை பெற்றவர்களில் சிலருக்குப் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

ஆனால் கதிர்வீச்சு போட்ட அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய ஓரிரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். களைப்பும், விழுங்கும்போது எரிச்சலும் அதற்கு முன்பே வந்துவிடும். எனவே, சிகிச்சையின் பாதியில் வரும் சோர்வை மட்டும் பார்த்துத் தோல்வி என்று முடிவுகட்டக் கூடாது. அதேநேரம், ஆயுளே சில வாரம்தான் என்ற நிலையில் தொந்தரவு மட்டும் மிஞ்சி, பலனைப் பார்க்க நாளில்லாமல் போகலாம்.

நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களில், அறுவையோ துல்லியக் கதிர்வீச்சோ பொருந்தாத 538 பேரிடம் நடந்த குவார்ட்ஸ் ஆய்வு 2016-ல் வெளியானது. மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்தும் ஆதரவு சிகிச்சையும் மட்டும் பெற்றவர்களுக்கும் வாழ்நாளிலோ வாழ்க்கைத் தரத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம், 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஆரம்பத்திலேயே வலி தணிப்பு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. வாழ்நாளும் கூடியது. அவர்களது இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

ஆகவே, கதிர்வீச்சை நிறுத்துவது என்றால் கைவிடுவது என்று பொருள் இல்லை. ஃப்ராய்டின் காலத்தில் ஆஸ்பிரினுக்கும் மயக்கத்துக்கும் நடுவே அதிக வழிகள் இல்லை. இன்று அளவோடு கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையில், தெளிவாகப் பேசிக்கொண்டே வலியைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. மூச்சுத்திணறலுக்கும் அது உதவும். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும், அதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் உச்ச நீதிமன்றம் 2018-ல் அங்கீகரித்திருக்கிறது.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்தக் கதிர்வீச்சு எந்தத் தொந்தரவைக் குறைக்கத் தரப்படுகிறது? பலன் தெரிய எத்தனை நாளாகும்? அவ்வளவு அவகாசம் நோயாளிக்கு இருக்கிறதா? இப்போது இருக்கும் சோர்வு சிகிச்சையால் வந்ததா, நோயால் வந்ததா? சிட்டிங் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பார்க்கலாமா? நிறுத்தினால் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் என்ன ஏற்பாடு?

நோயாளியிடம் கேட்க வேண்டியது வேறு. மீதி இருக்கும் நாட்களில் அவருக்கு எது முக்கியம்? பேத்தி கல்யாணத்தைப் பார்ப்பதா, வலியில்லாமல் தூங்குவதா, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வீட்டில் இருப்பதா? பதில் எதுவாக இருந்தாலும் அதை வைத்துத்தான் சிட்டிங்கை எண்ண வேண்டும். தொடர வேண்டும் என்று அவர் சொன்னால் அதுவும் சரியான முடிவுதான்.

ஃப்ராய்டுக்கு 1923-லும் சிகிச்சை நடந்தது, 1939-லும் நடந்தது. முதல் தடவை அவருக்குத் தெரியாமலே முடிவெடுத்தார்கள். கடைசித் தடவை, எல்லாம் தெரிந்து, தாங்கும்வரை தாங்கி, போதும் என்பதை அவரே சொன்னார். அதற்கு வேண்டியிருந்தது உண்மையைச் சொல்லும் ஒரு மருத்துவரும், மனம் வராவிட்டாலும் காதுகொடுத்துக் கேட்ட ஒரு மகளும்தான்.